கூப்பிடு தூரத்தில் வாக்கப்பட்டவள்

என் அத்தைக்குச் செல்போன் தேவைப்பட்டதே இல்லை. ஆற்றுக்கு அந்தாண்ட நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், இந்தாண்ட எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா கையிலிருக்கும் கரண்டி அப்படியே நிற்கும். "உன் தங்கச்சி கூப்புடறா, போய் இன்னான்னு கேளு" என்பாள் அம்மா. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார். பெரும்பாலும் தலைபோகிற விஷயம் ஒன்றும் இருக்காது. பசு கன்று போட்டிருக்கும். இல்லாவிட்டால் மாமா சந்தையில் வாங்கிவந்த கத்தரிக்காயில் பாதி சொத்தையாக இருந்திருக்கும். அதை ஆற்றைத் தாண்டி அண்ணனிடம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

நைனாவுக்கு அவள் ஒரே தங்கை. கல்யாணப் பேச்சு வந்தபோது புத்தூரில் ஒரு கடைக்காரப் பையன், வடமாலபேட்டையில் நிலம் நீச்சோடு ஒரு பையன் என்று நல்ல இடங்களாகவே வந்தனவாம். எதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. "கூப்ட்டா கேக்கற தூரத்துல குடுங்க. இல்லாட்டி இங்கியே கெடக்கறேன்" என்று மூலையில் உட்கார்ந்துவிட்டாளாம். கடைசியில் எங்கள் கரையிலிருந்து பார்த்தால் கூரை தெரிகிற வீட்டிலேயே கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் எதிர்க்கரையில் நின்று, "அண்ணோவ், காப்பி குடிச்சிட்டியா?" என்று அவள் கேட்டதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். புதுப்பெண் இப்படியா கத்துவாள் என்று அந்தாண்ட ஊரில் முகம் சுளித்தவர்களும் உண்டு. கொஞ்ச நாளில் அவர்களும் தங்கள் சேதிகளை அவளிடமே கொடுத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமா வாய் திறக்காத மனிதர். "ரெண்டு பேரு பேச்சயும் அவளே பேசிடறா, நான் எதுக்கு நடுவுல" என்பார். அவர்கள் வீட்டுச் சண்டை இரண்டு ஊருக்கும் பொதுச் சொத்து. கோபம் வந்தால் அத்தை நேரே கரைக்கு வந்துவிடுவாள். "அண்ணோவ், இந்த ஆளு இன்னா பண்ணாருன்னு கேளு!" என்று தொடங்குவாள். துணி துவைக்கிறவர்கள் துவைப்பதை நிறுத்துவார்கள். மாடு குளிப்பாட்டுகிறவர்கள் மாட்டை விட்டுவிட்டுக் காது கொடுப்பார்கள். அந்தாண்ட ஆட்கள் தெலுங்கிலும் இந்தாண்ட ஆட்கள் தமிழிலும் நியாயம் சொல்வார்கள். அவரவர் பாஷையில் அவரவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவள் புகாரையும் விடாமல் தொடர்வாள். தீர்ப்பு முடிவதற்குள் மாமா வீட்டில் தானே களியைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார்.

ஆற்றங்கரையில் வளர்ந்தேன் என்று திருப்பதியில் யாரிடமாவது சொன்னால் உடனே தண்ணீரை நினைத்துக்கொள்கிறார்கள். நீச்சல் தெரியுமா, படகு உண்டா என்று கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் ஆறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். வரைபடத்தில் குசஸ்தலி என்று போட்டிருப்பார்கள், எங்களுக்கு அது ஆறு, அவ்வளவுதான். ஐப்பசியில் மழை பிடித்தால் தண்ணீர் வரும். தை மாசம் மெலிந்து ஓரமாக ஓடும். மாசிக்குப் பிறகு அதுவும் நின்றுவிடும். நாங்கள் வளர்ந்தது அந்த மணலில்தான்.

அந்த மணலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் மகள் தலையில் கையை வைத்துக்கொள்கிறாள். இருந்தாலும் சொல்கிறேன். பகலில் காலை வைக்க முடியாது, ஈச்சம்புதர் நிழலிலிருந்து அடுத்த புதர் நிழலுக்கு ஓட வேண்டும். வெயில் தாழ்ந்ததும் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். தேங்காய்த் தொட்டியால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஈரம் வரும், இன்னும் தோண்டினால் தண்ணீர் ஊறும். முதலில் வருவது கலங்கல். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் பளிச்சென்று ஊறி நிற்கும், அதைத்தான் குடிப்போம். வீட்டுக்கு ஒரு ஊற்று இருந்தது. அத்தையுடைய ஊற்று மட்டும் ஆற்றின் நட்டநடுவில் இருந்தது. "நான் ரெண்டு கரைக்கும் பொண்ணு, நடுவுலதான் தோண்டுவேன்" என்பாள். எங்கள் அம்மா அங்கே போய்த்தான் தண்ணீர் மொண்டு வருவாள். தண்ணீர் எடுக்கப் போன இருவரும் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள்.

மல்லாந்து படுத்தால் முதுகுக்குக் கீழே மணல் ஜில்லென்று இருக்கும். தண்ணீர் போய்விடவில்லை, கீழேதான் இருக்கிறது என்று முதுகுக்குத் தெரியும். அத்தை மகன் முனி அப்படிப் படுத்துக்கொண்டு தன்மேல் மணலை வாரிப் போடச் சொல்வான். கழுத்துவரை மூடி, நெஞ்சின்மேல் ஈச்சங்குச்சி நட்டு, சுற்றிலும் நின்று நாங்கள் கும்மி அடிப்போம். என்னைவிடக் கொஞ்சம் பெரியவன். மாமாவைப் போலவே பேச்சு குறைவு. தண்ணீர் வற்றும் நாளில் குட்டைகளில் தங்கிப்போன மீனை அம்மாவின் பழைய சேலையால் அரித்துப் பிடிப்போம். பங்கு பிரிப்பது அவன் வேலை. எல்லோருக்கும் பிரித்த பிறகு அவனுக்கு வாலும் தலையும்தான் மிஞ்சும். அது அவன் அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கு இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும் என்பதால் எங்களை வாயைத் திறக்கக் கூடாது என்று கெஞ்சுவான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தை கூப்பிடுவதைக் கேட்க வேண்டும். ஒரே மூச்சில் எல்லாப் பெயரும் வரும். அவள் பெற்றது முனி ஒருவனைத்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அந்தாண்ட ஊர்ப் பிள்ளைகள், ஆடு மேய்க்க வந்தவர்களின் பிள்ளைகள் என்று ஒருவர் பெயரும் விட்டுப்போகாது. போய் நின்றால் கேழ்வரகுக் களி உருண்டையும் வேர்க்கடலைத் துவையலும் இருக்கும். "துன்னுங்கடி, மெல்லாத முழுங்குங்க, களிய மென்னா வவுத்துல நிக்காது" என்பாள். பதில் குரல் கொடுக்காமல் விளையாடிக்கொண்டிருந்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. நேரே வந்து காதைத் திருகுவாள். "ஆத்துல நின்னு ஒருத்தி கூப்ட்டா ஓன்னு ஒரு கொரல் குடுக்கணும். வரியோ வரலியோ, அது அப்பறம்" என்பாள். எங்கள் இரண்டு கரையிலும் அது வழக்கம். யார் கூப்பிட்டாலும், யாரைக் கூப்பிட்டாலும், கேட்டவர் பதில் கொடுக்க வேண்டும். கூப்பிட்டவரை ஆற்றோரம் நிற்க வைப்பது மரியாதை இல்லை.

தண்ணீர் வந்த நாட்களில் அவளுக்கு இன்னும் கொண்டாட்டம். எங்கள் கரையில் ஒரு புங்கமரம். அங்கிருந்து எதிர்க்கரையில் கங்கம்மா கல் என்கிற பாறைக்கு நேராக ஒரு தடம். அந்த இடத்தில் ஆறு அகலம், ஆழம் இல்லை. மேலே எவ்வளவு சிவப்பாக ஓடினாலும் அந்தத் தடத்தில் முழங்காலைத் தாண்டாது. பாலம் தூரத்தில் இருந்தது. பெரிய பள்ளிக்கூடம் எங்கள் கரையில் என்பதால் அந்தாண்டப் பிள்ளைகளைத் தினமும் அத்தைதான் கொண்டுவந்து விடுவாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக விட்டு, தான் முன்னால் நடப்பாள். ஆற்றோடும் பேசுவாள். "புள்ளைங்க வருது தெரியல, கொஞ்சம் ஓரமாத்தான் போயேன்" என்று அதட்டுவாள். நாங்கள் இக்கரையில் நின்று விழுந்து விழுந்து சிரிப்போம்.

என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மருமவளே!" தான். அதையும் ஆற்றுக்கு அந்தாண்டயிருந்து. பஸ்ஸுக்காக நிற்கும்போது, கூட நிற்கும் பெண்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "மருமவளே, தல பின்னிக்கினு போலியா, காத்துல பறக்குது பாரு!" என்று வரும். எனக்கு மானம் போகும். முனி பக்கத்தில் இருந்தால் அவன் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் மணலைக் கிளறுவான். ஒருநாள் நாவல்மரத்திலிருந்து விழுந்து என் கை முறிந்தது. ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த அத்தை குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவ்வளவு வளர்ந்தவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் புத்தூருக்குக் கொண்டுபோனாள். கட்டுப் போடுகிறவர் எலும்பை இழுத்து நேராக்கியபோது நான் அலறினேன். அத்தை என்னைவிடப் பெரிதாக அலறினாள். அந்த மனிதர் கையை எடுத்துவிட்டு, "ஏம்மா, ஒடஞ்சது யாருக்கு?" என்று கேட்டார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொன்னார். அவள் வெளியே உட்கார்ந்தும் அழுகையை நிறுத்தவில்லை. முட்டைவெள்ளையும் தழையும் வைத்து மூங்கில் சிம்பு கட்டி முடிகிறவரை அவள் குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. வலிக்கும்போது அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

முனிக்கும் எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. நான் படிக்கத் திருப்பதிக்கு வந்தேன், பள்ளிக்கூட வேலை கிடைத்தது, அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டேன். முனி நகரியில் பவர்லூமில் சேர்ந்தான். அத்தைக்கு வருத்தம் இருந்திருக்கும். இருந்தால் அதை ஆற்றில் நின்று சொல்லியிருப்பாளே என்று நினைத்தேன், அதை மட்டும் அவள் சொல்லவே இல்லை. சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து சுகுணா மருமகளாக வந்தாள். அதிர்ந்து பேசாத பெண். அவளும் முனியும் பேசிக்கொள்வது பக்கத்தில் படுத்திருக்கும் பூனைக்குக்கூடக் கேட்காது என்று அத்தை சலித்துக்கொள்வாள். அடுத்தடுத்து இரண்டு பெண் பிள்ளைகள். மாமா போய்ச் சேர்ந்தார். எங்கள் நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். இந்தாண்ட வீட்டில் என் தம்பி இருந்தான். அண்ணனைக் கூப்பிட்ட மாதிரியே அத்தை அவனையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்குள் ஆற்றுக்கு டிராக்டர்கள் வந்திருந்தன. முதலில் வெகு கீழே பாலத்துப் பக்கம் மணல் அள்ளினார்கள். வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறி வந்தார்கள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஊற்றுகள் குறைந்திருக்கும். அத்தை அவர்களையும் விட்டுவைக்கவில்லை. தடத்துப் பக்கம் வண்டி வந்தால் கங்கம்மா கல்லின் மேல் ஏறி நின்று, இரண்டு பாஷையிலும், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வரைக்கும் இழுத்துக் கத்துவாள். டிரைவர் பையன்கள் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அவள் குரல் இருந்தவரை அவர்கள் தடத்தைத் தொடவில்லை.

போன புரட்டாசியில் அவளுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. நான்தான் திருப்பதிக்கு அழைத்து வந்து ஆபரேஷன் செய்வித்தேன். எங்கள் அடுக்குமாடி வீட்டில் காலிங் பெல் என்று ஒன்று இருப்பதை அவள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. கீழே காற்றாடப் போய்விட்டு வந்தால் வாசலில் நின்று, "மருமவளே, கதவத் தெற!" என்று குரல் கொடுப்பாள். எல்லா மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்க்கும். என் மகளுக்கு வெட்கம் தாங்காது. எனக்கு அந்த நாட்களில் வீட்டில் விளக்கேற்றின மாதிரி இருந்தது. கட்டுப் பிரித்த அன்று மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். திருமலையைப் பார்த்துவிட்டு, "அடியே, மலமேல மரம் மரமாத் தெரியுதுடி" என்றாள். "இனிமே அந்தாண்ட நிக்கறவன் மூக்குகூடத் தெரியும் எனக்கு."

தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஐப்பசி வரை வைத்திருந்தேன். அவள் இல்லாத அந்த நாட்களில் டிராக்டர்கள் தடத்துக்கு வந்தன. புங்கமரத்துக்கும் கங்கம்மா கல்லுக்கும் நடுவே, அவளுடைய ஊற்று இருந்த இடம் உட்பட, ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி அள்ளிக்கொண்டு போனார்கள். கேட்க ஆள் இல்லை. பிறகு புயல் மழை பிடித்தது. ஆறு வந்து பள்ளங்களை மூடிச் சமமாக ஓடியது. அத்தையை முனி வந்து ஆட்டோவில் பாலம் வழியாக அழைத்துப் போனபோது ஆறு கரையோடு கரையாகச் சிவப்பாக இருந்தது. அடியில் என்ன நடந்திருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாது. தோண்டினார்கள் என்று யாரோ சொன்னார்களாம். இவள், எங்காவது ஓரத்தில் தோண்டியிருப்பானுங்க என்று விட்டுவிட்டாளாம்.

மழை விட்ட ஒரு பகலில் அது நடந்தது. மற்றவர்கள் எனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன். முனி நகரியிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்து எங்கள் கரையில் இறங்கினான். தண்ணீர் ஓடும் நாளில் அங்கிருந்து பாலத்தைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவான். எதிர்க்கரையில் அத்தை நின்றிருந்தாள். இருவரும் ஏதோ பேசியதைத் துணி துவைத்த பெண்கள் வெகு தூரத்திலிருந்து பார்த்தார்கள், தண்ணீர் இரைச்சலில் வார்த்தை பிடிபடவில்லையாம். அவன் புங்கமரத்தடியில் இறங்கினான். பாதி தூரம் வந்தான். பிறகு அவனைக் காணவில்லை. அவ்வளவு தண்ணீரில் ஒரு சத்தம்கூட வரவில்லையாம். என் தம்பியும் இன்னும் சிலரும் கயிற்றோடு ஓடி வருவதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. இருட்டும் வரை அத்தை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். இரண்டு கரையிலும் ஜனம் நின்றது. பதில் குரல் கொடுக்க யாருக்கும் வாய் வரவில்லை என்று தம்பி போனில் சொல்லி அழுதான்.

நான் ஊருக்கு ஓடினேன். காரியம் முடிவதற்குள் இரண்டு ஊரிலும் ஒரு பேச்சு பரவியது. முனி குடித்திருந்தானாம், நிலை தடுமாறி விழுந்தானாம். யார் கிளப்பினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளம் தோண்டியவர்களுக்கு அது வசதி. முனி பண்டிகைக்கு அவ்வப்போது குடிப்பவன்தான் என்பதால் நம்பவும் ஆள் இருந்தார்கள். சுகுணாவிடம் வந்து, "விதிம்மா, இந்தக் குடியால எத்தன குடும்பம் போவுது" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய பெரிய பெண், "எங்க நைனா குடிச்சுட்டா செத்தாரு?" என்று என்னிடம் வந்து கேட்டது.

விசாரணைக்கு மண்டல அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் போலீஸ்காரரோடு வந்தார். கங்கம்மா கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். அந்தாண்ட ஊர் முழுக்க அங்கே நின்றது, எங்கள் ஊர் ஜனம் எதிர்க்கரையில் நின்றது. டிராக்டர்காரர்களும் வந்து ஓரமாக நின்றார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. தணிந்த குரலில்தான் கேட்டார்.

"மந்து தாகாடா அம்மா? குடிச்சிருந்தாரா?"

அத்தை எழுந்தாள். ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இரண்டு கரைக்கும் கேட்கும்படி கத்தப்போகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க!" என்றாள். அந்தக் குரலை நான் பிறந்தது முதல் கேட்கிறேன். அன்றைக்கு வந்த மாதிரி ஒருநாளும் வந்ததில்லை. "எம் புள்ள குடிக்கல. நான் கூப்ட்டேன். 'தடத்துல தோண்டிக்கீறாங்களாம், தண்ணி வேற கலங்கலா கீது, நான் சுத்திக்கினு வரேம்மா'ன்னான். நான்தான், 'எனக்குத் தெரியாத தடமாடா, முழங்கா தண்ணிடா, சோறு ஆறிப்போவுது, வாடா'ன்னேன். வேணாம்மான்னான். திரும்பக் கூப்ட்டேன். செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கினு எறங்கனான். பள்ளம் நோண்டனது அவனுங்க. கூப்ட்டது நானு. அவன் பெத்தவ பேச்சக் கேட்டு செத்தான். அவம்மேல ஒரு தப்பும் எழுதாதீங்க!"

அதையே மறுபடி தெலுங்கில் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். எதிர்க்கரையில் நின்றவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் கூப்பிட்டாள் என்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கவே போவதில்லை. எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாமே, இப்படியா ஊரைக் கூட்டித் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாள் என்று பொருமினேன். ஆனால் அதற்குப் பிறகு முனி குடித்திருந்தான் என்று ஒரு வாயும் சொல்லவில்லை.

கூட்டத்தின் கடைசியில் இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு சுகுணா நின்றிருந்தாள். அத்தையை ஒருமுறை பார்த்தாள். திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. அத்தைக்குச் சோறு போட்டு வைப்பாளாம், பேச மாட்டாளாம். அத்தையும் அன்றோடு கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "அக்கா, ஆறு செத்துப்போன மாதிரி கீது" என்று தம்பி போனில் சொன்னான்.

மார்கழிக் கடைசியில் ஊருக்குப் போனேன். ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தாண்ட அத்தை வேர்க்கடலைச் செடியை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். புங்கமரத்தடியில் நின்று பழக்கதோஷத்தில், "அத்தே!" என்று கூப்பிட்டுவிட்டேன். நிமிர்ந்தாள். பதில் குரல் வரவில்லை. இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். பிறகு கையிலிருந்த செடியைப் போட்டுவிட்டுக் கரையோடு பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டு வருகிறாள் என்று எனக்கு உறைத்தது. நானும் இந்தக் கரையில் நடந்தேன். அவள் முகம் தெரிந்தது, நடை தளர்ந்திருப்பதும் தெரிந்தது. பேசினால் கேட்கிற தூரம்தான். இருவரும் வாயைத் திறக்காமல் நடந்தோம். பாலத்துக்குப் பக்கத்தில் டிராக்டர்கள் தண்ணீர் வற்றுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தன. மணல் அள்ளுவது நிற்கவில்லை, யாரும் நிறுத்தவும் இல்லை.

பாலத்தின் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாண்ட நின்னு என்னிய கூப்டாதம்மா" என்றாள். அவ்வளவு தணிந்த குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. "யாரு கூப்ட்டாலும் காலு தண்ணிக்குத்தான் போவுது."

"இன்னா அத்தே சொல்ற?"

"அன்னிக்கி ஒருநாளு போய்ட்டேன். அவன் கூப்டற மாரியே இருந்துச்சு. ஓன்னு சொல்லிக்கினே எறங்கிட்டேன். இடுப்பு வரிக்கும் போய்ட்டேன். சுகுணா ஓடியாந்து தலமயிரப் புடிச்சு இழுத்தா. கரையில தள்ளி ரெண்டு போட்டா."

அவளே மேலே சொன்னாள்.

"அதுக்கு முன்னாடி வரிக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல அவ. அன்னிக்கிதான் பேசனா. 'ஒன்ன மன்னிக்கல. எப்பவும் மன்னிக்க மாட்டேன். ஆனா நீ சாவக்கூடாது. எம் புள்ளைங்களுக்கு அவரு யாருன்னு சொல்றதுக்கு ஒன்ன உட்டா யாரு கீறா'ன்னா. நாய் மாரி அழுதா. சத்தியம் வாங்கிக்கினா. அதான் கீறேன். தெனம் ஒண்ணு அவனப் பத்தி சொல்லிக்கினு கீறேன்."

பள்ளிக்கூட வேன் பாலத்து முனையில் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். வீடு அங்கிருந்து எவ்வளவோ தூரம், ஆனால் தினமும் அவள் அங்கேயே வந்து நிற்கிறாளாம். கரையில் நின்று கூப்பிட மாட்டாள், போய்த் தொட்டுத்தான் கூட்டிக்கொள்வாள். சின்னவள் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"ஆயா, இன்னிக்கி நைனா பத்தி இன்னா?"

அத்தை குனிந்து அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "ஒங்க நைனா சின்னப் புள்ளையிலயே கெட்டிக்காரன். தண்ணி கலங்கலா இருந்தா எறங்கவே மாட்டான். எவ்ளோ தூரமானாலும் சுத்திக்கினுதான் வருவான்."

பெரியவள் நின்றுவிட்டாள். "அப்பறம் அன்னிக்கி மட்டும் ஏன் எறங்கனாரு?"

நான் குறுக்கே ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் கூப்ட்டேன், வந்தான்."

சின்னவளுக்கு அது புரியவில்லை, அவ்வளவுதானா என்று கேட்டாள். பெரியவள் வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் கரையை விட்டு விலகி, ரோட்டோரமாக வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.